கூரைமேல் ஒரு சாண் கம்பி

2018 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலூரில் எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில், அப்பாவின் பழைய வேகன் ஆர் முன்கண்ணாடியில் ஒரு ஏரியலை ஒட்டிக்கொண்டிருந்தேன். தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏற்காட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கர் காப்பி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுவில் ஒரு ஓட்டு வீடு. அவ்வளவுதான்.

நான் அப்போதுதான் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் இரண்டு வருட ஆன்சைட் முடித்துத் திரும்பியிருந்தேன். அங்கே வாங்கிய செகண்ட்ஹேண்ட் காருக்கு ஒரு டிஜிட்டல் ரேடியோ அடாப்டர் போட்டிருந்தேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஒரு சின்னப் பெட்டி, கண்ணாடியில் ஒட்டும் பிளாஸ்டிக் படல ஏரியல் ஒன்று. காரை விற்றேன். பெட்டியை விற்க மனசு வரவில்லை. கூடவே அந்தப் படலத்தில் புதுசு ஒன்றும் வாங்கிக்கொண்டு ஊருக்கு எடுத்துவந்துவிட்டேன்.

ஒட்டும் வேலை நிதானம் கேட்பது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஓரத்துத் தூணின் பிளாஸ்டிக் மூடியை நெம்பிக் கழற்ற வேண்டும். படலத்தின் ஒரு முனையில் செப்புத் தகடு ஒன்று இருக்கும். அது மூடிக்குள் இருக்கும் காரின் இரும்பைத் தொட்டே ஆக வேண்டும். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் மேல ஒட்டாதடா. சுரண்டிட்டு ஒட்டு. எர்த் இல்லாம எதுவும் வேலை செய்யாது."

சுரண்டினேன். ஒட்டினேன். பெட்டி தேட ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் கழித்து, கிடைத்த நிலையங்கள் 0 என்று காட்டியது. இன்னொரு முறை. 0.

"என்னடா, ஒண்ணும் வரலையா?"

"தேடுதுப்பா."

"அங்கிருந்து ஒருத்தன் அனுப்புனாத்தானே இங்க வரும்?"

அவர் சொன்னதுதான் சரி. என் பெட்டி பிடிக்கும் டி.ஏ.பி. என்ற முறையில் இந்தியாவில் வானொலிச் சேவை எதுவுமே கிடையாது. கூகுளில் ஒரு வரி தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். பொறியியல் பட்டம் வாங்கியவன், பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். ஆனாலும் ரேடியோ என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று எனக்குள் எங்கேயோ ஓர் எண்ணம். சின்ன வயதில் ஒரே டிரான்சிஸ்டரில் திருச்சியும் கோவையும் இலங்கையும் கேட்டு வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்போல.

வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தின் நீட்சி.

*

முதலில் கம்பியின் நீளம். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். எஃப்.எம். சுமார் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3 மீட்டர் அலை. அதில் கால்பங்கு இருந்தால் ஏரியல் நன்றாக வேலை செய்யும்: 75 சென்டிமீட்டர். பழைய அம்பாசடரிலும் பியட்டிலும் இழுத்து நீட்டும் கம்பி ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். பிரிட்டனின் டி.ஏ.பி. 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகிறது. அதற்கு முப்பது, நாற்பது சென்டிமீட்டர் போதும். அதனால்தான் கண்ணாடி ஓரத்துப் படலத்தில் அடங்குகிறது.

இப்போது மத்திய அலைக்கு வருவோம். பெங்களூர் வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் அலைநீளம் 490 மீட்டர். கால்பங்கு 122 மீட்டர். அதை எந்தக் காரில் நட முடியும்? ஆக, மத்திய அலைக்குக் காரில் எந்தக் கம்பியை வைத்தாலும் அது குட்டைதான். கிடைப்பது துளி மின்னழுத்தம். அந்தத் துளியையும் கேபிள் விழுங்கிவிடாமல் இருக்கக் கம்பியின் அடிக்கட்டையிலேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைக்கிறார்கள். மீதிப் பாதி ஏரியலாக நிற்பது காரின் உடம்பு. எர்த், எர்த் என்று அப்பா அடித்துக்கொண்டது இதற்குத்தான்.

கார்காரர்களுக்கும் இந்தக் கம்பிக்கும் ஆரம்பத்திலிருந்தே தகராறு. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ வியாபாரிகள் மாநாட்டுக்கு வெளியே நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் பாட்டுப் போட்டுக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் மோட்டரோலா. பின்னால் கம்பெனிக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்தக் காலத்துக் கார்களுக்குக் கூரையின் நடுப்பகுதி துணி. துணியைத் தாங்க உள்ளே கோழிக்கூண்டுக்குப் போடுகிற மாதிரி கம்பி வலை. அந்த வலையையே ஏரியலாக்கிக்கொண்டார்கள். செலவே இல்லை. 1930களின் நடுவில் முழு எஃகுக் கூரை வந்தது. வலை போயிற்று. எஃகுக்குள் அலை நுழையாது. கொஞ்ச காலம் காரில் ஏறும்போது மிதிக்கும் பலகைக்கு அடியில் கம்பியை ஓட்டிப் பார்த்தார்கள். சேறும் கல்லும் அடித்தது. கடைசியில் வெளியே நட்டுக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்கே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர்தான். மார்க்கோனி முதலில் செய்தி அனுப்பியதும் தீப்பொறியை வைத்துத்தான். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பழைய கார் ரேடியோவில் ஏறும் அந்த 'ங்ஙீ' சத்தம், நம் காரே நமக்கு ஒலிபரப்பும் நிகழ்ச்சி.

*

தமிழ்நாட்டு வானொலிக் கதை இதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31இல் ஒலிபரப்பு. முதல் டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. பிறகு 200 வாட். 1927இல் பணமில்லாமல் நின்றது. கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்க வைத்தார்கள். வீட்டில் ஏரியல் இல்லாதவர்களுக்கு ஊரே ஒரு ஏரியல் வைத்துக்கொடுத்த காலம் அது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்து அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் திருச்சி.

இதற்கிடையில் பம்பாயில் 1927இல் தொடங்கிய தனியார் ஒலிபரப்புக் கம்பெனி மூன்றே வருடத்தில் மூழ்கியது. அதன் வருமானம் லைசென்ஸ் கட்டணம். ஆண்டுக்கு 10 ரூபாய், அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு. லைசென்ஸ் எடுத்தவர்கள் நாடு முழுக்க 8,000 பேர்கூட இல்லை. லைசென்ஸ் இல்லாமல் கேட்டவர்கள் எத்தனை பேரோ. 1933இல் ஒரு சட்டம் வந்தது: லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருப்பதே குற்றம். கேட்பதுகூட இல்லை, வைத்திருப்பதே.

எங்கள் தாத்தா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். அவருடைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தபால் ஆபீஸில் கொடுத்த சின்னப் புத்தகம். வருடத்துக்கு 15 ரூபாய். கட்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் உள்ளே ஸ்டாம்ப். இரண்டு மூங்கில் நட்டு ஓட்டுக்கு மேலே செப்பு வலை ஏரியலைக் கட்டி, சாயங்காலமானால் இலங்கை வானொலி கேட்பாராம். காற்றில் மூங்கில் சாய்ந்தால் அப்பாதான் ஓட்டின்மேல் ஏற வேண்டும். பின்னாளில் மின்கம்பம் ஏறியதற்கு அதுதான் பயிற்சி என்பார். 1980களின் நடுவில் லைசென்ஸை எடுத்தார்கள். அதுவரைக்கும் சேர்வராயன் மலையில் எந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது என்பது ஏற்காடு தபால் ஆபீஸுக்குத் தெரியும்.

நடுவில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்று ஒரு கூத்து. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த டிஜிட்டல் வானொலி. அதில் தமிழுக்கு ஒரு சேனல் இருந்தது. விளம்பரமே கிடையாது, மாதச் சந்தா. சேலத்தில் மாமா வீட்டில் வைத்திருந்தார். சதுர ஏரியலை ஜன்னலில் கிழக்கு, தென்கிழக்கு வானத்தைப் பார்த்து வைத்தால் ராஜா பாட்டு கண்ணாடி மாதிரி கேட்கும். ஒரு தடவை அதைக் காரில் டாஷ்போர்டின்மேல் வைத்து ஏற்காடு ஏறினோம். கொண்டை ஊசி வளைவு 20. ஒவ்வொன்றிலும் கார் திரும்ப, செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் போய்விடும். பல்லவி அடிவாரத்தில், சரணம் லேடீஸ் சீட்டில். 2009 கடைசியோடு கம்பெனியே போய்விட்டது. மாமாவின் பெட்டி இப்போது பரணில்.

*

என் படலத்தில் 0 வந்த பிறகு நான் தெரிந்துகொண்டது இதுதான்: இந்தியாவிலும் டிஜிட்டல் வானொலி இருந்தது. ரொம்ப நாளாகவே இருந்தது.

அதன் பெயர் டி.ஆர்.எம். 1998இல் சீனாவின் குவாங்ஜோவில் தொடங்கிய கூட்டமைப்பு உருவாக்கிய முறை; 2003 ஜூன் 16இல் ஜெனிவாவில் முறைப்படி ஒலிபரப்பு ஆரம்பம். (சென்னை நிலையத்தின் அதே ஜூன் 16. தற்செயல்தான், ஆனால் எனக்கு இந்த மாதிரி தற்செயல்கள் பிடிக்கும்.) டி.ஏ.பி.யிலிருந்து இது வேறுபடும் இடம் முக்கியம். டி.ஏ.பி.க்குப் புதிதாக ஊர் ஊராகக் கோபுரம் வேண்டும். டி.ஆர்.எம். பழைய மத்திய அலையிலும் சிற்றலையிலுமே ஓடும். இந்தியா மாதிரிப் பரந்த நாட்டுக்கு அது பொருந்தும் என்று ஆகாசவாணி கணக்குப் போட்டது. மத்திய அலை தரையை ஒட்டியே தவழும், மலையைக் கண்டால் எஃப்.எம். மாதிரி உடனே கோபித்துக்கொள்ளாது. பழையதை நிறுத்தவும் வேண்டாம்: ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்து வழக்கமான ஒலிபரப்பும், ஒட்டினாற்போலப் பக்கத்து அலையில் டிஜிட்டலும் சேர்ந்தே போகும்.

35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள், 4 சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் இப்படி டிஜிட்டலுக்குத் தயாராயின. சென்னை 720, பெங்களூர் 612 எல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் கேட்க ரேடியோ எங்கே? கடையில் டி.ஆர்.எம். மேசை ரேடியோ கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். ஐந்நூறு ரூபாய் டிரான்சிஸ்டரை வைத்திருப்பவர் எதற்கு வாங்கப் போகிறார்? 2018 பிப்ரவரியில் டிராய் தன் பரிந்துரையில் ஒலிபரப்புபவர்கள், கருவி செய்பவர்கள், ரேடியோ செய்பவர்கள் எல்லாரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. சோற்றை ஆக்கி முடித்த பிறகு இலை வாங்க ஆள் அனுப்பின கதை.

கார் கம்பெனிகள் மட்டும்தான் அசைந்தன. 2017 வாக்கிலிருந்து இந்தியாவில் விற்கும் பல புதுக் கார்களின் மியூசிக் சிஸ்டத்தில் டி.ஆர்.எம். உள்ளேயே வந்தது. தனிக் காசு இல்லை. 2020 வாக்கில் இப்படிப்பட்ட கார்கள் 20 லட்சத்தைத் தாண்டின. விளம்பரத்தில் சன்ரூஃப் இருக்கும், தொடுதிரை இருக்கும், இது இருக்காது. விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தாத்தா காலத்தில் எந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். இப்போது தன்னிடம் ஒரு ரேடியோ இருப்பது சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

வெளியில் நடந்தது வேறு. நார்வே 2017இல் தேசிய அளவிலான எஃப்.எம். ஒலிபரப்பையே மூடி டி.ஏ.பி.க்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 21 முதல் புதுக் காரில் ரேடியோ இருந்தால் அது டிஜிட்டலையும் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே ஏரியல் மாற்றுவது ஒரு சின்னத் தொழிலாகவே ஆனது. பழைய கார்க்காரர்கள் என்னைப் போலவே கண்ணாடியில் படலம் ஒட்டினார்கள். அவர்களுக்கு நிலையங்கள் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

2019 டிசம்பரில் மச்சான் புதுக் கார் வாங்கி, அக்காவோடும் பிள்ளைகளோடும் தோட்டத்துக்கு வந்தார். கூரையின் பின்பக்கம் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒரு ஏரியல்.

"கம்பெனில சின்னக் கம்பிதான் குடுத்தான். நல்லா இல்ல. ஆக்சஸரீஸ் கடைல இத மாத்துனேன். நானூறு ரூபா."

நான் அதற்குள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து மேனுவலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் இருந்தது: டி.ஆர்.எம். எனக்குக் கை நடுங்கியது என்று சொன்னால் மிகை. ஆனால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஏ.எம். பொத்தானைத் தட்டினேன். வெறும் இரைச்சல். இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து யாரும் தட்டாத பொத்தான்.

அப்பா வெளியே போய்த் துடுப்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க மாப்பிள்ளை. சும்மா கூடு."

உண்மைதான். கம்பியைத் திருகிக் கழற்றிவிட்டு, அடிக்கட்டையின்மேல் வெறும் பிளாஸ்டிக்கை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சேலத்து எஃப்.எம். பக்கத்திலேயே இருப்பதால் கம்பி இல்லாமலும் ஒருமாதிரி வந்திருக்கிறது. மச்சானுக்குச் சந்தேகமே வரவில்லை. கழற்றிய கம்பி டிக்கியில், டூல் பையில் சுருண்ட துணிக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு சாண் நீளம்.

மச்சான் முகம் சுருங்கிற்று. அப்பா விடவில்லை. வெந்நீரை ஊற்றி, மீன்பிடி நரம்பை இரண்டு பக்கமும் பிடித்து அடியில் ரம்பம் மாதிரி இழுத்து, பெயின்ட்டில் கீறல் விழாமல் துடுப்பைத் தனியாக எடுத்தார். ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். எழுபது வயதில் அந்தக் கை இன்னும் நிதானம். கம்பியைத் திருகினோம். டிஜிட்டல் ஏரியல் பொருத்துவது என்று நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த காரியம் ஆறு திருகு.

இரைச்சல் குறைந்தது, நிற்கவில்லை. மறுபடியும் அப்பாதான்: "அந்தச் சார்ஜரப் புடுங்கு." லைட்டர் துளையில் இருந்த மலிவு செல்போன் சார்ஜர். பிடுங்கியதும் பாதி இரைச்சல் போனது. ஸ்பார்க் பிளக் விட்ட இடத்தை இப்போது சார்ஜர் பிடித்திருக்கிறது.

612க்கு வந்தோம். நேர்கோட்டில் பெங்களூர் இங்கிருந்து 150 கிலோமீட்டர்தான். வழக்கமான கரகர ஒலி. பக்கத்து அலைக்கு நகர்த்தினேன். அமைதி. மூன்று விநாடி, நான்கு விநாடி. திரையில் நிலையத்தின் பெயர் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, கன்னடத்தில்.

யாரும் பேசவில்லை. அப்பா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு அப்போது காது மந்தமாக ஆரம்பித்து இரண்டு வருடம். இரைச்சலும் பேச்சும் கலந்து வந்தால் பிரித்துக் கேட்க முடியாது. திருச்சி வானொலியின் மாநிலச் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஐம்பது வருடமாகக் கேட்டவர், டிரான்சிஸ்டரை விட்டுவிட்டார். எங்களிடம் காரணம் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். புது பேட்டரி வாங்கிப் போட்டும் அவர் அதைத் தொடவில்லை.

"உங்களுக்குக் கன்னடம் புரியுதா மாமா?" என்றார் மச்சான்.

"புரியல. ஆனா ஒவ்வொரு எழுத்தும் கேக்குது."

அப்படியே சேர்வராயன் கோயில்வரை போனோம். 1623 மீட்டர் உயரம், இந்த மலையின் உச்சி. அதுவரை குரல் உடையவே இல்லை. திரும்பும்போது உயர் அழுத்தக் கம்பி சாலையைக் கடக்கும் ஓர் இடத்தில் ஒலி சட்டென்று அறுந்தது. பழைய ரேடியோ என்றால் கரகரத்து, மங்கி, மறுபடி மீளும். இது அப்படியில்லை, இருந்தால் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை. அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தார். "லைன் போகுது" என்றார், பழைய சகாவைப் பார்த்தவர் மாதிரி. பத்தடி தாண்டியதும் குரல் வந்துவிட்டது.

வீடு வந்து சேர்ந்ததும் கேட்டார்: "நம்ம திருச்சி இப்படி வராதா?"

936க்கு நகர்த்தினேன். வந்தது. கரகரவென்று வந்தது, பக்கத்து அலையில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "செரி, பெங்களூரே வை" என்றார்.

*

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஆகாசவாணி பல ஊர்களில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தி எஃப்.எம்.முக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கோபுரம் நிற்கப் பல ஏக்கர் நிலம், மின்சாரக் கட்டணம் என்று அவர்களுக்கும் நியாயம் உண்டு. எல்லாம்தான் செல்போனில் வருகிறதே என்பார்கள். உண்மை. ஆனால் சேர்வராயன் மலைக்கு உள்ளே உள்ளே போய்ப் பாருங்கள், செல்போனில் கோடு எத்தனை நிற்கிறது என்று. புயல் மழையில் கோபுரம் சாய்ந்தால், 150 கிலோமீட்டர் தள்ளியிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு வரும் ஒரு குரலுக்கு மாற்று என்ன என்பதை நான் இன்னும் யாரிடமும் பதிலாகப் பெறவில்லை. அதைக் கேட்கக்கூடிய ரேடியோ லட்சக்கணக்கான வீட்டு வாசலில் நிற்கிறது, பாதிக்குமேல் தட்டாத பொத்தானாக.

மச்சான் அடுத்த பொங்கலுக்கு வரும்போது துடுப்பு மறுபடி ஏறியிருந்தது. இந்த முறை உள்ளே நிஜ ஏரியல் இருக்கிற வகை. அப்பா தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

வேகன் ஆரை நாங்கள் இன்னும் விற்கவில்லை. என் டி.ஏ.பி. படலமும் கண்ணாடியிலேயே இருக்கிறது; உரித்தால் பசை நிற்கும் என்று விட்டுவிட்டேன். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது அதன் பக்கத்திலேயே இன்னொரு படலம் ஒட்டினோம். அதுவும் ஏரியல்தான். 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்யும் விரல் நீளத்து உலோகக் கோடு. பேட்டரிகூடக் கிடையாது, டோல்கேட் அனுப்பும் அலையிலேயே உயிர் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பணம் கழிந்துவிடும். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிய மாதிரிதான், என்ன, இது நிற்காமல் நடக்கிறது.

போன மாதம் பெங்களூர் போகும் வழியில் ஒரு டோல்கேட்டில் டேக் எடுக்கவில்லை. கையில் கருவியோடு ஒரு பையன் வந்தான். இரண்டு படலத்தையும் பார்த்துக் குழம்பி, முதலில் என் டி.ஏ.பி. ஏரியலின்மேல் கருவியை வைத்து அழுத்தினான்.

"இது வேலை செய்யாதுங்களா அண்ணா?"

"செய்யும் தம்பி," என்றார் பக்கத்து சீட்டிலிருந்து அப்பா. "எர்த் எல்லாம் சரியாத்தான் இருக்கு."